ஒற்றிக்கு வீடு: பணம் போகும் நாளும் சாவி வரும் நாளும்

நாகர்கோவில் பக்கம் வீடு தேடினால் முதல் கேள்வியே "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதுதான். பேச்சில் ஒத்தி, பத்திரத்தில் ஒற்றி. சென்னைக்காரர்கள் லீஸ் என்பார்கள், வேறு ஊர்களில் போக்கியம். வீட்டுக்காரர் கையில் மொத்தமாக ஒரு தொகை, உங்கள் கையில் சாவி. வாடகையும் கிடையாது, வட்டியும் கிடையாது. தவணை முடிந்ததும் பணம் இந்தப் பக்கம் வரும், சாவி அந்தப் பக்கம் போகும். இவ்வளவு எளிமையாக இருப்பதாலேயே யாரும் துருவிப் பார்ப்பதில்லை. 5 சென்ட் மனை வாங்க ஆறு மாதம் அலைகிறவர், 6 லட்சம் ரூபாய் ஒற்றிப் பணத்தை ஒரு சாயங்காலத்தில், ஒரு சாதாரண முத்திரைத்தாளை நம்பிக் கொடுத்துவிடுகிறார்.

முதலில் கணக்கு. மாதம் 6,000 ரூபாய் வாடகை போகக்கூடிய வீடு 6 லட்சத்துக்கு ஒற்றிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் வருடத்துக்கு 42,000, மாதம் 3,500. ஆக வாடகைக்குப் பதில் ஒற்றிக்குப் போனால் மாதம் 2,500 மிச்சம். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டியிருந்தால் கதை வேறு. 10 சதவீத வட்டி என்றால் மாதம் 5,000 வட்டிக்கே போய்விடும். மிச்சம் 1,000 ரூபாய், அதுவும் நகை திரும்பி வந்தால்தான்.

இதையே வீட்டுக்காரர் பக்கமிருந்து பாருங்கள். 6 லட்சத்துக்காக வருடம் 72,000 ரூபாய் வாடகையை அவர் விடுகிறார். அது 12 சதவீத வட்டி. வீட்டுக் கடன் அதைவிட மலிவாகக் கிடைக்கும்போது எதற்காக 12 சதவீதம் கொடுக்கிறார்? காரணம் நியாயமானதாக இருக்கலாம்: மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, மாதத் தவணை கட்ட நிலையான வருமானம் இல்லாதது. வங்கி ஏற்கெனவே கையை விரித்துவிட்டது என்பதாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது. ஒற்றிக்கு வீடு எடுக்கிறவர் உண்மையில் கடன் கொடுக்கிறவர். வங்கி கேட்கும் கேள்விகளை அவரும் கேட்டே ஆகவேண்டும்.

சட்டம் இதை அடமானம் என்றே பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் இது ஒரு வகை. வீட்டின் சுவாதீனம், அதாவது கைவசம், உங்களிடம், அதன் பயன் உங்களுக்கு, பணம் திரும்பும்வரை. 100 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானத்தை இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. ஊரில் பெரும்பாலோர் பதிவு செய்யாததற்குக் காரணம் செலவு. சுவாதீன அடமானத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 6 லட்சத்துக்கு 24,000-மும் 6,000-மும் சேர்த்து 30,000 ரூபாய். எழுத்துக்கூலி தனி.

30,000 என்றதும் முகம் சுளிக்காமல் மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று வருடம் இருக்கப் போகிறீர்கள் என்றால் மாதத்துக்கு 833 ரூபாய்தான். 2,500 மிச்சத்தில் அது போனாலும் 1,667 கையில் நிற்கும். ஒரே வருடம்தான் இருப்பீர்கள் என்றால் மாதம் 2,500. மிச்சம் பூஜ்யம். அப்படியானால் பேசாமல் வாடகைக்குப் போங்கள். பதிவுச் செலவைத் தாங்குகிற அளவுக்கு நீண்ட தங்கல் என்றால் ஒற்றி, இல்லையென்றால் வாடகை. பதிவு செய்யாமல் மிச்சம் பிடிக்கிற மூன்றாவது வழி ஒன்று உண்டே என்பவர்களுக்கு: அதன் பெயர் ஈடில்லாக் கைமாற்று.

பதிவில்லாத ஒற்றிச் சீட்டை நீதிமன்றத்தில் அடமானமாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்ததற்கு வழக்குப் போடலாம், அதுவும் மூன்று வருடக் காலவரம்புக்குள். முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால் அந்தச் சீட்டைச் சாட்சியமாக ஏற்கும் முன்பே, குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை அபராதம் கட்டச் சொல்லலாம். "11 மாத வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் 6 லட்சம், வாடகை 100 ரூபாய்" என்று எழுதுவது இன்னொரு குறுக்குவழி. வீடு நடுவில் கைமாறினால், வாங்கியவர் "அந்த அட்வான்ஸ் எனக்கு வரவில்லையே" என்பார். பழைய வீட்டுக்காரரைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும்.

இனி ஆவணங்கள். மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்று நகலும் போதாது. "பத்திரம் பேங்க் லாக்கரில இருக்கு" என்றால், கூடவே லாக்கருக்குப் போய்ப் பாருங்கள். மூலம் வேறு எங்கோ அடமானத்தில் இருக்கும்போதுதான் நகலைக் காட்டி ஒற்றிக்கு விடுவது நடக்கும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். 30 வருடத்துக்குப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு: பழைய பத்திரங்களில் பழைய சர்வே எண், பட்டாவில் ரீசர்வே எண். ஒரே எண்ணை வைத்துத் தேடினால் மற்ற எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாது. இரண்டையும் போட்டுத் தனித்தனியாகத் தேட வேண்டும். 1956 நவம்பர் 1-க்கு முன் இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். ஆகவே தாய்ப்பத்திரம் மலையாளத்தில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து எல்லைகளையும் பங்கு விவரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதோடு செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் ஒரு தேடல் போடுங்கள். வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் அடமானம் வாங்கிய சொத்துகளை அதில் ஏற்றுகின்றன. சிறு கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம்.

பத்திரம் அப்பா பெயரில், அப்பா இல்லை, ஒற்றிக்கு விடுவது மூத்த மகன். இந்த நிலைமை இங்கே சாதாரணம். எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். "அக்காவுக்குச் சீதனம் கொடுத்துக் கட்டிக் கொடுத்தாச்சு, அவளுக்கு என்ன பங்கு?" என்பது இன்றும் காதில் விழுகிற பேச்சு. கிறிஸ்தவக் குடும்பங்களில் அதற்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது: 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். அது 1951-லேயே முடிந்துபோனது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. அக்கா கையெழுத்து இல்லாத ஒற்றி, மகன் பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும்.

வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்து, மச்சானோ தம்பியோ பவர் பத்திரத்தை நீட்டினால் மூன்று விஷயம் பாருங்கள். வாடகை வாங்கும் அதிகாரம் மட்டும் உள்ளதா, அடமானம் வைக்கும் அதிகாரமும் உள்ளதா? வெளிநாட்டில் எழுதியது என்றால், இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை இடப்பட்டதா? எழுதிக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? அவர் காலமானால் பவரும் அன்றே காலமாகிவிடும். ஒரு வீடியோ அழைப்பில் அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது நல்லது. பணம் மட்டும் எப்படியும் பத்திரத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே போக வேண்டும்.

வீட்டின் பேரில் வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருந்தால்? இந்த ஒரு புள்ளியில் சமரசமே வேண்டாம். அடமானத்தில் இருக்கும் வீட்டை உரிமையாளர் குத்தகைக்கு விடலாம் என்கிற, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவே, முன்பணம் வாங்கக் கூடாது, வாடகையை முன்கூட்டி வாங்கக் கூடாது, கட்டடம் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப் போடுகிறது. ஒற்றியோ முழுக்க முழுக்க முன்பணம். வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லையென்றால் உங்கள் ஒற்றி வங்கியின் முன் நிற்காது. தவணை 90 நாள் தவறினால் அது வாராக்கடன். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதன் பிறகு சுவாதீன நடவடிக்கை. கதவில் நோட்டீஸ் ஒட்டும்போதுதான் ஒற்றிக்காரருக்கே கடன் இருப்பது தெரிந்தது என்ற நிலைமை வரக்கூடாது. கடன் பாக்கி ஒற்றித் தொகையைவிடக் குறைவு என்றால் ஒரு நல்ல வழி உண்டு: உங்கள் பணத்திலிருந்து பாக்கியை நேராக வங்கிக் கடன் கணக்கில் கட்டி, மூலப் பத்திரம் வெளியே வந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவான பிறகு மீதியைக் கொடுப்பது.

பத்திரத்தில் என்ன எழுத வேண்டும்? பத்திர எழுத்தர் வழக்கமான வாசகத்தைத் தட்டிக் கொடுத்துவிடுவார். அதில் இரண்டு சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, "இன்ன தேதியில் இத்தொகையைத் திருப்பிச் செலுத்த நான் நேரடியாகக் கடமைப்பட்டவன்" என்ற உறுதி. வெறும் சுவாதீன அடமானக்காரர் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரக் கோரி வழக்குப் போட, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு இடம் தராது. பணம் வரும்வரை குடியிருக்கலாம், அவ்வளவே. எழுதிக் கொடுத்தவர் தாமே கடமை ஏற்றிருந்தால் 68-ஆம் பிரிவின்படி பணத்துக்கு வழக்கு நிற்கும். இரண்டு, வீட்டு வரியும் பெரிய ரிப்பேரும் யார் பொறுப்பு என்பது. எழுதாமல் விட்டால், சுவாதீனத்தில் இருப்பவர்தான் வரியும் அவசியமான பராமரிப்பும் பார்க்க வேண்டும் என்று 76-ஆம் பிரிவு உங்கள் தலையில் வைக்கும். மோட்டார் எரிந்தால் யார், கூரை ஒழுகினால் யார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் கொட்டுகிற மாவட்டம் இது. ஒழுகுமா என்ற கேள்விக்கே இடமில்லை, எப்போது என்பதுதான்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக, டெபாசிட்டாக ரொக்கத்தில் வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அளவு அபராதம் விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடம் உண்டு. பத்திரத்தில் 4 லட்சம், கையில் 2 லட்சம் என்று பிரித்துக் கொடுத்தால், அந்த 2 லட்சத்துக்கு நீங்கள் நம்பியிருப்பது அவர் மனசாட்சியை.

சாவி வாங்கும் நாளில் வீடு காலியாக இருக்க வேண்டும். "ரெண்டு நாளில அந்த ரூமை ஒழிச்சுத் தந்துருவேன்" என்றால் பணமும் ரெண்டு நாள் கழித்துத்தான். மின் மீட்டரின் அளவையும், சர்வீஸ் எண்ணையும், மின்விசிறி, கீசர், மோட்டார் ஒவ்வொன்றையும் தேதி தெரிய வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிரம்பும்வரை காத்திருங்கள், குடித்துப் பாருங்கள். கடலோரத்துக் கிணற்றில் கோடையில் உப்பு ஏறும். மழைக்காலத்தில் பார்த்து நல்ல தண்ணீர் என்று முடிவு செய்துவிட வேண்டாம், பக்கத்து வீட்டில் சித்திரை மாதத் தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள்.

அன்று இரவே பூட்டு மாற வேண்டும். முந்தைய குடியிருப்பாளர், வேலைக்கு வந்த அக்கா, பெயின்டர் என்று எத்தனை பேரிடம் சாவி இருக்கிறதோ யார் கண்டது. முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை, கதவுக்குள் பதித்த பூட்டு என்றால் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவின் பக்கவாட்டு விளிம்பில், தாழ்நாக்குக்குக் கீழே, சிலிண்டரின் நேர்க்கோட்டில் ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு, கடிகாரத்தில் 12 மணியிலிருந்து 11-க்கோ 1-க்கோ போகிற அளவு திருப்பி இழுத்தால் சிலிண்டர் வெளியே வரும். ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து இருபக்க முனைக்கும் தனித்தனியாக அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்: 30-30, 35-35 மில்லிமீட்டர் என்று வரும். சில கதவில் இருபக்கமும் ஒன்றுபோல் இருக்காது. வெளிப்பக்கம் தகட்டைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் பிளையரால் பிடித்து உடைத்துவிடலாம். பழைய சிலிண்டரைச் சாவியோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள், காலி செய்யும்போது திரும்பப் பொருத்திக் கொடுக்க.

முன்வாசலில் தேக்குக் கதவும் பித்தளைக் கைப்பிடியும் போட்டுவிட்டு, அடுக்களைக் கதவை ஒரு நாலங்குலத் தாழ்ப்பாளில் விட்டுவைப்பது இங்கே வழக்கம். திருடன் வருவது அந்த வழியாகத்தான். கொண்டியையும் நாதாங்கியையும் குட்டை ஸ்க்ரூவில் மாட்டியிருந்தால் ஒரு கம்பியால் நெம்பினாலே மொத்தமாக வந்துவிடும். பூட்டு எவ்வளவு உசத்தி என்பது அங்கே பொருட்டில்லை. கதவின் இருபுறமும் ஊடுருவும் போல்ட் போட்டு, நட்டு உள்பக்கம் வருமாறு முடுக்குங்கள். நிலைச்சட்டத்தில் தாழ் போய் விழும் தகட்டுக்கு இரண்டரை, மூன்று அங்குல ஸ்க்ரூ வேண்டும். மொட்டைமாடிக் கதவுக்கும் இதே வைத்தியம். ஓட்டு வீடு என்றால் ஓட்டைப் பிரித்து இறங்க முடியும் என்பதை மறக்காமல், நகையும் பத்திரமும் வைக்கும் அறைக்காவது மேலே கம்பித் தட்டி அடியுங்கள்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. மலிவான வார்ப்பு உலோகப் பூட்டு சீக்கிரமே இறுகிவிடும். பித்தளைப் பூட்டு வாங்குங்கள். எஃகு என்றால் 304-ஐவிட 316 ரகம் உப்பைத் தாங்கும். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் கைப்பழக்கம். அது தூசியைப் பிடித்துப் பிசினாகி, அடுத்த முறை சாவியையே உடைக்கும். கிராஃபைட் தூள் போடுங்கள்.

சாமான் ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால்காய்ச்ச மாட்டார்கள், ஆகவே ஆனிக் கடைசியிலும் ஆவணித் தொடக்கத்திலும் வண்டிக்குத் தட்டுப்பாடு. குட்டியானை வண்டி முக்கால் டன்தான் தாங்கும், இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் குறைந்தது இரண்டு நடை வேண்டும். வண்டி போகாத இடைவழி என்றால் அகலத்தை முன்பே அளந்து, சுமைக்கூலியைப் பேசி முடித்துவிடுங்கள். பிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுபோனால், நிமிர்த்தி நாலு மணி நேரம் கழித்தே சுவிட்ச் போடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். பத்திரம், நகை, கேஸ் புத்தகம் வண்டியில் ஏறக் கூடாது, உங்கள் மடியில் வர வேண்டும்.

சாமானுக்குக் காப்பீடு எடுக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, புயல், வெள்ளத்துக்கு நல்லது. திருட்டுக்கு அதில் இடம் மிகக் குறுகல்: தீயோ வெள்ளமோ நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே. பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாதுகாப்பு கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டை ஒற்றிக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. பழைய வீட்டை 6 லட்சத்துக்கு ஒற்றிக்கு விட்டு, அந்தப் பணத்தைப் புதுவீட்டுக் கடனில் கட்டிவிடலாம் என்ற யோசனை பலருக்கு வரும். 20 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 17,356. தொடக்கத்திலேயே 6 லட்சத்தைக் கட்டி, தவணையைக் குறைக்காமல் விட்டால் கடன் 10 வருடத்தில் முடியும். பிரமாதம், ஆனால் ஒற்றிப் பணம் 6 லட்சம் அப்போதும் கொடுக்க வேண்டிய பாக்கி. அதற்குப் பதில் பழைய வீட்டை 6,000 வாடகைக்கு விட்டு, அதைத் தவணையோடு சேர்த்து மாதம் 23,356 கட்டினால், கடன் 11 வருடத்தில் முடியும். யாருக்கும் பாக்கி இல்லை. ஒரு வருட வித்தியாசத்துக்காக 6 லட்சம் கடன் சுமப்பதில் அர்த்தமில்லை. மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபரிடம் அபராதம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு முறை கூடுதலாகக் கட்டும்போதும் "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரம் திரும்பி வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை.

ஒற்றி முடியும்போது ஒரு உண்மையை மனதில் வையுங்கள்: உங்கள் பணம் வீட்டுக்காரரிடம் இல்லை. அது எப்போதோ செலவாகிவிட்டது. அடுத்த ஒற்றிக்காரர் தரும் பணம்தான் உங்களுக்கு வரும். அவர் "வீடு காலியானால்தான் தருவேன்" என்பார், நீங்கள் "பணம் வந்தால்தான் காலி செய்வேன்" என்பீர்கள், உங்கள் அடுத்த வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். மூன்று மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பது நல்லது. சாமான் முழுவதும் போய்விட்டாலும் ஒரு அறையில் ஒரு பீரோவையாவது விட்டு, உங்கள் பூட்டைப் போட்டு வையுங்கள். சுவாதீனம்தான் உங்கள் ஈடு, பணம் வருமுன் சாவியைக் கொடுத்தால் ஈடும் போச்சு. காசோலை வேண்டாம், கணக்கில் வரவு வைத்த செய்தி வந்த பிறகே பழைய சிலிண்டரை மாட்டிச் சாவியை நீட்டுங்கள்.

அதே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒற்றி தீர்ந்த ரசீது ஆவணத்தையும் பதிந்துவிடுங்கள். இது வீட்டுக்காரருக்குத்தான் அவசியம். பதியாவிட்டால் அவர் வீட்டை விற்கப் போகும் நாளில் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் நிற்கும், பத்து வருடம் கழித்து உங்களைத் தேடி வருவார். பதிந்து சில நாள் கழித்து பழைய எண்ணிலும் ரீசர்வே எண்ணிலும் மறுபடி ஒரு வில்லங்கம் போட்டு, பதிவு ஏறிவிட்டதா என்று இருவரும் பார்த்துக்கொள்ளலாம்.